வீராம்பட்டினத்துக் குழாய் ரேடியோ: கணினியைத் தொடாத இணையப் பயனர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இணையத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பவர்கள் இணைப்புகளை எண்ணுவார்கள், இல்லாவிட்டால் கைபேசிகளை எண்ணுவார்கள். 1990களின் கடைசியில் புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் போய் அப்படி எண்ணியிருந்தால், மீனவர் வீடுகளில் விடை பூஜ்யம்தான். ஆனால் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வந்த வங்கக்கடல் அலை உயரம் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. கடலில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கணினியைத் தொட்டதில்லை. தகவல் வந்தது குழாய் ரேடியோ வழியாக. கோயில் திருவிழாவுக்கும் ஆடிக் கூழுக்கும் கட்டுகிற அதே கூம்புக் குழாய்தான்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் ஒரு கிளை இது. இணையம் எந்த இடத்தில் முடிகிறது, மனிதர்களின் வேலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது இவ்வளவு பச்சையாகத் தெரிகிற திட்டம் வேறு அதிகம் இல்லை. அதனால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டமைப்பு

நடுவில் வில்லியனூர். புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர், சந்தையும் கோயிலும் உள்ள ஊர். டயல்-அப் இணைய இணைப்பு இங்கே மட்டும்தான். எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் தகவல் மையங்கள். அந்தக் கிராமங்களில் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது. பல இடங்களில் கம்பியே கிடையாது. ஆகவே வில்லியனூருக்கும் ஊர்களுக்கும் நடுவே இருவழி வி.எச்.எஃப். வானொலிக் கருவிகளை வைத்தார்கள். அதே கருவியில் பேசவும் செய்யலாம், மோடம் மாட்டிக் கணினிக் கோப்பும் அனுப்பலாம்.

வேகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. படமோ பக்கமோ ஊருக்குப் போய்ச் சேராது. எழுத்துக் கோப்பு போகும், குரல் போகும். இந்தக் குறைதான் திட்டத்துக்கு நல்ல வடிவத்தைக் கொடுத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. வலைப்பக்கத்தை அப்படியே ஊருக்குத் தள்ளிவிட முடியாததால், வில்லியனூரில் யாராவது உட்கார்ந்து அதைப் படித்து, வேண்டாததைக் கழித்து, தமிழில் நாலு வரியாக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போனது அந்த நாலு வரி.

மையம் வைக்க ஊர் தர வேண்டியவை: பொது இடத்தில் ஒரு அறை, மின்சாரம், வேலை பார்க்கத் தன்னார்வலர்கள். நிபந்தனை ஒன்று உண்டு. எந்தச் சாதியாக இருந்தாலும் உள்ளே வர முடிய வேண்டும். தன்னார்வலர்களில் பெண்களே அதிகம்.

மின்சாரக் கணக்கு தனிக் கதை. பழைய குழாய்த்திரை மானிட்டரோடு ஒரு கணினி 150 முதல் 200 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். ஆக 900 வாட்-மணிதான் கைக்கு வரும். இன்வெர்ட்டரில் போகும் நட்டத்தையும் கழித்தால் நாலு மணி நேரம் கணினி ஓடும். கிராமத்து மின்வெட்டுக்கு இது போதாது என்பதால்தான் சூரியத் தகடுகளையும் சேர்த்தார்கள். கணினி அணைந்தாலும் 12 வோல்ட்டில் ஓடும் வானொலிக் கருவி உயிரோடு இருக்கும். கோப்பு வராத நாளிலும் குரல் வரும்.

அலை உயரம் தெருவுக்கு வந்த வழி

அமெரிக்கக் கடற்படையின் வானிலை மையம் கணினி மாதிரியை வைத்து உலகக் கடல்கள் முழுவதற்கும் அலை உயரத்தைக் கணித்து, நிறப்பட்டைகள் கொண்ட வரைபடமாக வெளியிட்டது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்கான கணிப்பு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் கப்பலுக்காகப் போட்ட படம் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது.

படத்தை இறக்கிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கலாம். அதற்கப்புறம்தான் வேலையே. ஒவ்வொரு படியிலும் தவறு நுழைய இடம் இருக்கிறது.

முதலில் நேரம். வரைபடத்தில் போட்டிருப்பது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். படத்தில் 00 மணி என்று இருந்தால் நமக்கு விடியற்காலை 5.30, 12 மணி என்று இருந்தால் மாலை 5.30. கட்டுமரமும் ஃபைபர் படகும் விடிவதற்கு முன்பே இறங்கிவிடும் என்பதால் விடிந்தபின் சொல்லிப் பயன் இல்லை. முந்தின நாள் மாலையே, இரவு உணவுக்கு முன்பு, ஆண்கள் ஊரில் இருக்கும் நேரத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது இடம். புதுச்சேரிக் கடற்கரை வட அட்சம் 12க்குச் சற்றுக் கீழே, கிழக்குத் தீர்க்கம் 80க்கு அருகில். உலக வரைபடத்தில் அது ஒரு புள்ளிகூட இல்லை. நிறப்பட்டையின் ஓரத்தில் விழுந்தால் எந்த நிறத்தை எடுப்பது? அதிகமானதைச் சொல்வதுதான் பாதுகாப்பு. ஆனால் தினமும் கூட்டியே சொன்னால் ஒரு வாரத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். தொழிலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வீட்டில் உலை வைப்பதைப் பாதிக்கும் என்பதால், தேவையில்லாத எச்சரிக்கைக்கும் விலை உண்டு.

மூன்றாவது, அந்த எண்ணின் பொருள். அலை உயரம் 2 மீட்டர் என்றால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. ஒரு பகுதியில் வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டதுதான் அந்த எண். அதே கடலில் இடையிடையே கிட்டத்தட்ட இருமடங்கு, அதாவது 4 மீட்டரை நெருங்கும் அலையும் வரும். ‘ஆறரை அடி அலை’ என்று சொல்லிவிட்டு, எப்போதாவது வரும் ஒற்றை அலையைச் சொல்லாமல் விட்டால் தகவல் பாதிதான்.

நான்காவது, கரைக்கடல். வரைபடம் திறந்த கடலுக்கானது. துறைமுகம் இல்லாத மணல்கரையில் படகைத் தள்ளி இறக்குபவருக்கு ஆபத்து முதல் நூறு மீட்டரில்தான், அலை உடையும் இடத்தில். ஆறு நொடிக்கு ஒருமுறை வரும் 2 மீட்டர் காற்றலை ஆழ்கடலில் தூக்கிப்போட்டு ஆட்டும். பதினைந்து நொடிக்கு ஒருமுறை வரும் ஒன்றரை மீட்டர் நெடும்அலை ஆழ்கடலில் இருப்பதே தெரியாது. கரைக்கு வந்து எழும்பி உடையும்போதுதான் படகைக் கவிழ்க்கும். உயரத்தை மட்டும் அறிவித்தால் இரண்டாவது அலை சின்னதாகத் தோன்றும். காற்றே இல்லாமல் கடல் கரடாக இருப்பதைப் பழகிய மீனவர் கண் கண்டுபிடித்துவிடும்; உயரத்தை மட்டும் பார்த்து எழுதுபவருக்கு அது பிடிபடாது.

ஐந்தாவது, திசை. மொழிபெயர்ப்பில் அடிக்கடி வழுக்குகிற இடம் இது. காற்றின் திசை என்றால் அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை. நீரோட்டத்தின் திசை என்றால் அது எங்கே போகிறதோ அந்தத் திசை. வானிலை, கடலியல் அட்டவணைகள் எல்லாம் இந்த வழக்கத்தில்தான் இருக்கும். ‘வடக்குக் காற்று, வடக்கு நீரோட்டம்’ என்று எழுதினால் ஒன்று தெற்கே தள்ளுகிறது, மற்றது வடக்கே இழுக்கிறது. கடற்கரையில் காற்றுக்கு வாடை, கொண்டல் என்று தனிப்பெயர் இருப்பதால் அதில் குழப்பம் இல்லை. நீவாட்டை, அதாவது நீரோட்டத்தைச் சொல்லும்போது ‘இந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்’ என்று முழுதாகச் சொல்லிவிடுவதே நல்லது.

இவ்வளவையும் கடந்து வரும் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி ஒன்று:

“இன்று சனிக்கிழமை, மாலை ஆறு மணி அறிவிப்பு. நாளை ஞாயிறு விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நம்ம கடலில் அலை ஐந்திலிருந்து ஆறு அடி. இடையில் ஒன்றிரண்டு அலை பத்து அடிக்கு மேலேயும் வரலாம். காற்று தெற்கிலிருந்து. திங்கட்கிழமைக்கான தகவல் நாளை மாலை சொல்லப்படும். மறுபடியும் சொல்கிறோம்…”

கிழமை இரண்டு முறை வருகிறது; அறிவித்த நாளும் கணிப்பு எந்த நாளுக்கு என்பதும் கலக்கக் கூடாது. மீட்டர் இல்லை, அடிதான். கடைசி வரி அடுத்த தகவல் எப்போது என்று சொல்கிறது. அது இல்லாவிட்டால், கருவி பழுதாகி அறிவிப்பு வராத நாளை ‘ஆபத்து இல்லாத நாள்’ என்று ஊர் எடுத்துக்கொள்ளும். ‘போகாதீர்கள்’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். போவதா வேண்டாமா என்பது படகுக்காரர் முடிவு.

குழாயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடற்கரையில் உப்புக்காற்று முதலில் தின்பது கூம்பை அல்ல, கூம்பின் பின்னால் இருக்கும் யூனிட்டையும் கம்பி முறுக்கிய இடத்தையும். அங்கே பச்சை பூத்தால் சத்தம் கரகரத்து, பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். கடற்காற்று வீசும் மாலையில் கடலைப் பார்த்து வைத்த குழாயின் சத்தம் காற்றை எதிர்த்துத் தூரம் போகாது. காற்றுக்கு முதுகைக் காட்டி வைத்தால் தூரம் கேட்கும். மைக்செட் கட்டுபவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

எம்பலத்தின் இரண்டாம் கதவு

கடலோரத்துக்கு அலை உயரம் என்றால் உள்நாட்டு ஊர்களுக்கு வேறு தேவை. எம்பலத்தில் மையம் இருந்தது கோயில் வளாகத்தில். கோயிலுக்குள் போகும் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. மாதவிலக்கான பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அங்கே தடை இருந்தது. தகவல் மையத்துக்குத் தனிக் கதவு, அதில் யாரும் போகலாம். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து இரண்டு சட்டம்! கணினி அறையை எங்கே வைப்பது என்பதை வெறும் இடவசதிக் கேள்வியாக நினைக்கும் திட்டங்கள் இந்தக் கதவைப் பார்க்க வேண்டும். ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தால் நிபந்தனை காகிதத்தில் இருந்திருக்கும், பாதிப் பேர் வாசலோடு நின்றிருப்பார்கள்.

இங்கே கேட்கப்பட்டவற்றில் பெரும்பகுதி இணையத்தில் அப்போது இல்லவே இல்லை. நெல், உர விலை, அரசுத் திட்டங்களுக்கு யாரிடம் மனு கொடுப்பது, பேருந்து நேரம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்தக் கிழமை, கால்நடை மருத்துவர் எங்கே. தன்னார்வலர்களும் பணியாளர்களும் அலுவலகம் அலுவலகமாக நடந்து சேகரித்துக் கணினியில் ஏற்றிய பட்டியல்கள் இவை. கன்று போட முடியாமல் ஐந்து நாளாகத் தவித்த மாட்டுக்கு மருத்துவரைத் தேடி ஒரு பெண் எம்பலம் மையத்துக்குப் போனதும், அங்கிருந்த பட்டியலைப் பார்த்து மருத்துவரை வரவழைத்ததும் இத்திட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப்பட்ட நிகழ்ச்சி. அந்தப் பட்டியலுக்கு இணையம் தேவைப்படவில்லை. கணினிகூடக் கட்டாயமில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதை யாரோ தொகுத்து, எல்லோரும் போகக்கூடிய இடத்தில் வைத்திருந்தார்கள். வில்லியனூரிலிருந்து ‘நம்ம ஊரு செய்தி’ என்ற மாதமிருமுறை இதழ் பின்னால் வெளிவந்ததும் இதே வழியில்தான்.

தேர்வு முடிவு வரும் நாளில் நிலைமை மாறும். அன்றைக்கு நேரடி இணையம் வேண்டும், உடனே வேண்டும். ஆண்டில் சில நாள் மட்டும் இருக்கிற இந்தத் தேவைதான் பல ஊர்களில் ‘நெட்’ என்ற சொல்லையே வீட்டுக்குள் கொண்டுவந்தது.

எங்கெங்கே இடறியது

தமிழ் எழுத்து. எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு எழுத்துக் குறியீடு புழக்கத்துக்கு வராத காலம் அது. ஆளுக்கொரு 8-பிட் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஏற்கெனவே தட்டியிருந்த கோப்புகள் தரப்படுத்தலுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு கணினியில் தட்டிய பட்டியல் அதே எழுத்துரு இல்லாத இன்னொன்றில் வெறும் கோணல் எழுத்தாகத் திறக்கும். இதற்கு ஒரே நடைமுறை மருந்து எல்லா மையத்திலும் ஒரே எழுத்துருவை ஏற்றி, மாற்றாமல் இருப்பது.

பழைய பட்டியல். உர விலை மாறும், டாக்டர் மாற்றலாகிப் போவார், பேருந்து நேரம் திருத்துவார்கள். சேர்க்க ஒரு நாள் பிடிக்கும் பட்டியலைப் புதுப்பிக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். இரண்டு முறை தவறான விலையைக் கேட்டு ஏமாந்த விவசாயி மூன்றாம் முறை மையத்துக்கு வர மாட்டார், நேரே கடைக்குப் போவார்.

ஆள். சம்பளமில்லாத தன்னார்வலருக்குக் கணினி சொல்லிக்கொடுத்தால் அவருக்கு வேலை கிடைக்கும். பெண்ணென்றால் கல்யாணமாகி வேறு ஊர் போவதும் உண்டு. இதைத் திட்டத்தின் தோல்வி என்று எண்ணுவது நியாயமில்லை. ஆனால் ஒரு மையத்துக்கு ஒருவரை மட்டும் பழக்குவது தவறு. குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

இடி. மழைக்காலத்தில் வானொலிக்கம்பத்திலும் தொலைபேசிக் கம்பியிலும் இறங்கும் மின்னல் மோடத்தைத்தான் முதலில் எரிக்கும். மழை கறுத்தால் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். புயல் தகவல் மிகவும் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான்.

மேலூரில் காசுக்கு

ஒப்பிட்டுப் பார்க்க மதுரை மாவட்டத்து மேலூர் இருக்கிறது. 2001 முதல் அங்கே வேறு வழியில் முயன்றார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம். 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் ஊருக்கே நேரடி இணையம். என்-லாக் என்ற நிறுவனம் வழியாக உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறக்குறைய 50,000 ரூபாய் முதல் போட்டு மையம் தொடங்குவார். கணினி, பிரிண்டர், வெப்கேமரா எல்லாம் அதில் அடக்கம். பயன்படுத்துபவர் காசு கொடுப்பார்.

வந்தவர்கள் வேறு, கேட்டது வேறு. பிள்ளைகள் கணினி வகுப்புக்கு வந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவரின் முகத்தை வெப்கேமராவில் பார்க்க வந்தார்கள். கண்ணைப் படமெடுத்து மதுரையில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பு இறப்புச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு அனுப்பும் வசதியும் இருந்தது. அலைந்து திரியும் பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்பதால் இதற்குக் கூட்டம் வந்தது. ஆனால் மனுவை அந்தப் பக்கம் திறந்து பார்க்க அலுவலகத்தில் ஒருவருக்கு அக்கறை இருக்க வேண்டும். அக்கறை உள்ள அதிகாரி மாறினதும் சேவை தளர்ந்தது. காசு தரும் சேவை தளர்ந்தபின் கடன் கட்ட முடியாமல் பல மையங்கள் மூடின.

இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லப் பலர் முயன்றிருக்கிறார்கள். அலை உயரத்துக்குக் காசு வாங்க முடியாது. ஒருவர் காதில் விழுந்தது ஊர்க் காதில் விழுந்த மாதிரிதான். சான்றிதழ் மனுவைக் குழாய் ரேடியோவில் அனுப்ப முடியாது. தகவலின் சுபாவம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. வில்லியனூர் முறை வெளிநிதி இருக்கும்வரை நிற்கும், மேலூர் முறை கூட்டம் இருக்கும்வரை நிற்கும்.

நல்லவாடு, 26 டிசம்பர் 2004

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29க்கு. தமிழகக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் இந்தியக் கரைக்கு எந்த அதிகாரபூர்வ எச்சரிக்கையும் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தியில் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊர்க்காரர்கள் தகவல் மையக் கதவை உடைத்துத் திறந்து குழாயில் எச்சரித்தார்கள். 3,600க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. உயிரிழப்பு இல்லை.

இதை ‘இணையம் உயிர் காத்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. அன்று இணையம் எதுவும் செய்யவில்லை. அலை உயர வரைபடம் காற்றால் எழும் அலையைக் கணிப்பது. சுனாமி அதில் வராது. உதவியது தொலைபேசியும் குழாயும், அந்தக் குழாயில் சொல்வது உண்மையாக இருக்கும் என்ற பழக்கமும். சொன்ன அலை மறுநாள் கண்ணெதிரே இருந்ததா இல்லையா என்று ஊர் தினமும் சரிபார்த்து வந்த குழாய் அது. பேரிடருக்கென்று தனியாகக் கட்டி, ஆண்டுக்கொருமுறை ஒத்திகைக்கு மட்டும் ஊளையிடும் சைரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கைபேசிக்குப் பிறகு

அலைக் கணிப்பை இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் தருகிறது. சுவாமிநாதன் நிறுவனமும் 2007 முதல் மீனவர்களுக்கான கைபேசிச் சேவையை நடத்தி வருகிறது. இருந்தாலும் ஊருக்குள் தகவல் சுற்றுவது பெரும்பாலும் வாட்ஸப் குழுவில், அதிலும் குரல் பதிவாக. வரைபடத்தை அனுப்பினால் பார்க்காமல் கடந்துபோகிறவர்கள், தெரிந்தவர் குரலில் முப்பது நொடி வந்தால் கேட்கிறார்கள். குழாய் ரேடியோ சட்டைப்பைக்குள் வந்திருக்கிறது.

குழாய்க்கு இல்லாத ஒரு நோய் இதற்கு உண்டு. குழாயில் சொன்னது காற்றோடு போய்விடும். வாட்ஸப்பில் சொன்னது அழியாது. போன புயலுக்குப் போட்ட பதிவு இந்தப் புயலுக்கு எங்கிருந்தோ திரும்ப வரும். மேலே உள்ள மாதிரி அறிவிப்பில் கிழமையைத்தான் சொன்னோம். குரல் பதிவில் தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னால் யாரும் அதுவரை கேட்பதில்லை. படமாக அனுப்பினால் படத்தின் மேலேயே தேதியை எழுத வேண்டும். கீழே தனியாகத் தட்டிய வரி பகிரும்போது உதிர்ந்துவிடும். எந்தக் கரைக்கு என்பதும் முக்கியம். ‘நம்ம கடல்’ என்ற சொல் ஊர்க் குழாயில் சரி. நாகப்பட்டினத்துக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் அது ‘நம்ம கடல்’தான்.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிக் கோபுரம் எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் ஏற்கெனவே கடலுக்குள் இருந்தன. கரையில் யாருக்கு என்ன தெரிந்தாலும் அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. 2019இல் வந்த ஜெமினி கருவி இந்த இடைவெளிக்காகத்தான். ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் எச்சரிக்கையை ஒரு சிறு பெட்டி பெற்று, புளூடூத்தில் படகுக்காரரின் கைபேசிக்குத் தள்ளும். கேட்க மட்டும் முடியும், பதில் சொல்ல முடியாது.